ஒரு நம்பர் சொல்லு

தலவாக்கலை பஸ் நிலையத்தில்
வடைக் கடைக்கும் கழிப்பறைக்கும் நடுவே
சைக்கிளில் கட்டிய பலகை.
கிளிப்பில் தொங்கும் லொத்தர்ச் சீட்டுகளுக்கு
மழைக்காகப் பொலித்தீன் போர்த்தியிருக்கிறார் சோமதாச.
பாதி சிங்களத்தில், பாதி தமிழில்
வருகிறவர் போகிறவரையெல்லாம் கோடீஸ்வரர் ஆக்குகிறார்,
ஐந்து ரூபாய்ச் சில்லறைக்குத் தடவிக்கொண்டே.

நான் தோட்டத்து பஸ்ஸுக்கு நிற்கிறேன்.
பையில் ஒரு மாதத்து அழுக்குத் துணி,
நிகழ்தகவு நோட்டு,
கைப்பேசியில் வங்கியின் செய்தி:
மூன்று மாதம் பிந்திய மகாபொல
இன்று காலை விழுந்திருக்கிறது.

விழுந்திருக்கிறது.
இதற்கும் அதே சொல்தானா.
மழை விழும். லொத்தர் விழும்.
தராசில் இரண்டு கிலோ குறைந்தால்
அம்மாவுக்கு அரைப்பேர் விழும்.

அம்மாவுக்கு லொத்தர் ஒரு சக்களத்தி.
துவைக்குமுன் அப்பாவின் சட்டைப்பையைத் தடவி
ஊறிப்போன சீட்டை எடுத்து
அடுப்பு மேட்டுச் சுவரில் ஒட்டி வைப்பாள்,
வந்து பார்க்கட்டும் என்று.
எனக்குக் கடிதம் வந்த அன்று,
திறமைப் பிரிவு,
"இந்தக் காசு எங்கருந்து குடுக்குறாங்க?" என்றாள்.
முழுக்க இல்லை, ஒரு பங்கு லொத்தரிலிருந்து என்றேன்.
ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டேயிருந்தாள்.
வெகு நேரம் கழித்து,
"அப்ப ஒங்கப்பன் பூராவும் தொலைக்கல."
அதற்குப் பிறகும் ஒட்டித்தான் வைத்தாள்.
கொஞ்சம் உயரத்தில்.

"பிள்ளை, லீவா?"
சன்னாசி மாமா. நாலாம் லயம்.
கையில் புது நோட்டு இரண்டு;
திலகராஜ் அனுப்பியிருப்பான்.
என் வகுப்பு. எனக்கு முன் மேசை.
கணக்கில் என்னைவிடக் கெட்டி,
நான் எழுதி முடிக்குமுன் மனதுக்குள் முடித்துவிடுவான்.
சாதாரண தரம் முடிந்த கையோடு
புறக்கோட்டையில் சாரக் கடை.
இன்னும் அங்கேதான், ஏணி மேல்.

"கணக்குத்தானே படிக்கிற,
ஒரு நம்பர் சொல்லு பார்ப்பம்."

சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது மாமா,
இருபது வருஷம் தோற்றவர் என்று அது இரங்காது.
வகுப்பில் சேர் கேட்டார்:
நீண்ட காலத்தில் இதில் வெல்வது யார்?
நிதியம் என்று எழுதினேன். சரி போட்டார்.
என் பெயரை எழுதியிருந்தாலும்
சரி போட்டிருக்க வேண்டும்.

வாங்காதீங்க என்று சொல்லலாம்.
கேட்பார். கெம்பஸ் போன பிள்ளை சொன்னால்
நாலு லயமும் கேட்கும்.
அக்கரப்பத்தனையும் மஸ்கெலியாவும் கேட்டால்,
அடுத்த வருஷம் இஸட் புள்ளியோடு வருகிற பிள்ளைக்கு
யார் சட்டைப்பையிலிருந்து வரும்?
கேட்காவிட்டால்,
ஏணி மேல் நிற்கிறவன் அனுப்பிய காசு
இந்தப் பலகை வழியாகக் கொழும்புக்கே திரும்பிப் போய்
பேராதனையில் என் தட்டில் சோறாகும்.
ஒரு வேளைச் சோற்றுக்கு எத்தனை சாரம் மடித்தான் என்று
எந்தப் பேரேட்டிலும் இல்லை.

மாமா காத்திருக்கிறார்.
மழை பொலித்தீனில் தட்டுகிறது.

"நாலு சைபர் ஏழு ஒண்ணு."

அது திலகராஜின் சுட்டெண்ணின் கடைசி நாலு.
பரீட்சை மண்டபத்தில், மூன்று மணி நேரம்,
அவன் முதுகுக்குப் பின்னால் இருந்த எனக்குத்தான்
அது மனப்பாடம்.
அப்பனுக்குத் தெரியவில்லை.
"ராசியான நம்பரா?"
"சும்மா வாயில வந்துச்சு மாமா."

சோமதாச பலகையை மேலிருந்து கீழ்
இரண்டு தரம் தேடினார்.
"ஒண்ணு இல்லே. ரெண்டு இருக்கு. எடுங்கோ."

நாலு சைபர் ஏழு ரெண்டு.
என்னுடையது.

மாமா வாங்கி, நாலாய் மடித்து,
பனியனுக்குள் நனையாமல் வைத்தார்.

பஸ்ஸில் இருவருக்கும் நான்தான் கொடுத்தேன்.
வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடித்தார்.
பெரிய நோட்டு.
மிச்சம் பிறகு தருகிறேன் என்று
டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தான் கொண்டக்டர்.